காலி செய்த வீடுகளின் கதவு

பனையடிப்புதூர் மில் காலனியில் முதல் கதவு முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லி வேகும் நேரத்தில், காலனிச் சங்கச் செயலாளர் குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டு அடுக்களைச் சுவரில், அரிசி டின்னுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே. நிலை இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, பழுப்பு நிறத்தில் ஒற்றைப் பலகையும் இருந்தது. அண்ணாச்சியின் வீட்டம்மா அதைத் திறந்து பார்த்தபோது, மூன்று தெரு தள்ளியிருந்த ஒன்பதாம் எண் வீட்டுக் கூடத்தில் ஒருவர் பனியனோடு உட்கார்ந்து முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் "மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, இட்லிக் கொப்பரையை இறக்கி, தட்டுகளை எடுத்து வைத்த பிறகுதான் புருஷனைக் கூப்பிட்டாள். இட்லி குழைந்துவிடும், கதவு எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்பது அவள் கணக்கு.

அண்ணாச்சி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், திறந்து மூடினார், கீல் கிறீச்சிடுகிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டார். அந்த மாதத்துக்குள் நாற்பத்திரண்டு வீடுகளில் ஆறு வீடுகளில் கதவு வந்தது. ஒன்று குளியலறையிலிருந்து பூஜையறைக்குத் திறந்து பெரிய சண்டையாயிற்று, இன்னொன்று ஒரே வீட்டின் கூடத்திலிருந்து அதே கூடத்துக்கே திறந்து யாருக்கும் உபயோகமில்லாமல் நின்றது. பத்து நாளில் சில மறைந்தன, இருபது நாளில் சில மறைந்தன, மறைந்த இடத்தில் சுண்ணாம்பு கூட உதிர்ந்திருக்காது. வீட்டுவரிக்காரர் டேப்பால் அளந்து, உள்வாசலா வெளிவாசலா என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் குறித்துக்கொண்டு போனார். சங்கத்தின் கரும்பலகையில் அண்ணாச்சி விதி எழுதிப் போட்டார்: கதவு வழியே வருகிறவர்கள் மூன்று தடவை இருமிவிட்டு வரவேண்டும், செருப்பைத் தங்கள் வீட்டுப் பக்கமே கழற்றிவிட வேண்டும், சீனி, எண்ணெய் கடன் கேட்க முன்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். இருமல் இல்லாதவர்களும் இருமப் பழகினார்கள். காலனி முழுக்க ஒரு காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி சத்தம் கேட்டது, அதற்கும் பழகிப்போனார்கள்.

பழகாமல் இருந்தது சந்தேகம் மட்டும்தான். நேற்று எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்று உனக்கு எப்படித் தெரியும், என் மருமகள் அழுதாள் என்று யார் சொன்னது, இந்தத் தலையணை இந்தப் பக்கமா இருந்தது என்று ஆளுக்காள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சுருக்கிய கண்களெல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே வீட்டில் வந்து நின்றன. பதினேழாம் எண் வீடு. நாற்பத்திரண்டில் அந்த ஒரு வீட்டுச் சுவரில் மட்டும் ஒருநாளும் கதவு வந்ததில்லை.

அது சுகிர்தாவின் வீடு. நாற்பத்து நாலு வயது, புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் மூன்று மாதம் வந்துவிட்டுப் போவார். அவள் வீட்டிலேயே இருந்து கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்க்கிறாள் என்பது வரை காலனிக்குத் தெரியும், அதனால் ஓடாத மிக்சியையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் உண்மையில் பார்த்தது கர்னல் வேலை. போன், டிவி பெட்டி, ஆஸ்பத்திரி மெஷின் என்று எதை எடுத்தாலும், அதன் அடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு வேலைக்கும் யாருக்கு எந்த அறை, யாரிடம் எந்தச் சாவி என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதுதான் கர்னல். அதில் எங்காவது ஓட்டை விழுந்தால் திருடன் அந்த வழியே உள்ளே நுழைந்துவிடுவான். அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களில் நம்பிக்கையான முப்பது பேர் மட்டும் ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொள்ளும் ஒரு குழு இருந்தது, பதினெட்டு வருஷமாக அதில் சுகிர்தாவும் ஒருத்தி.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தாலும், அடைப்பு எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. பெற்ற தாயிடமும் சொல்லக்கூடாது. அடைப்பைப் பொதுவில் வெளியிடும்போதும் அதன் தலைப்பில் ஓட்டை என்ற பேச்சே இருக்காது, ஏதோ ஒட்டடை அடித்த மாதிரி 'சிறு ஒழுங்கு' என்று எழுதிவிடுவார்கள், ஏனென்றால் திருடர்களும் அந்தத் தலைப்புகளை வரி விடாமல் வாசிக்கிறார்கள். அப்படியே பதினெட்டு வருஷம் இருந்து சுகிர்தாவுக்குச் சந்தேகம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஜன்னல் வழியாக ஆளைப் பார்த்த பிறகும் "யாரு?" என்று கேட்பாள், கேஸை மூன்று தடவை மூடுவாள், யாராவது சும்மா சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ராத்திரிவரை யோசிப்பாள்.

கதவுகள் எங்கிருந்து வருகின்றன என்பது அவளுக்கு இரண்டாவது கதவிலேயே தெரிந்துவிட்டது. கர்னலில் ஓட்டை விழுந்த அன்று, கேபிள்காரர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்த டிவி பெட்டியில் அந்த ஓட்டை இருந்தால், அந்த வீட்டின் ஏதாவதொரு சுவரில் கதவு முளைத்தது. மின்சாரம் போனாலும் கதவு போகவில்லை, பெட்டியைக் கழற்றி வைத்தாலும் போகவில்லை, அடைப்பு அந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்த நிமிஷம் சுவர் சுவராகிவிடும். இந்தக் காலனிக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவள் யோசிக்கவில்லை. ஓட்டை என்றால் எங்காவது தெரியத்தானே வேண்டும். தன் வீட்டுப் பெட்டியை அவள் தினமும் தானே புதுப்பித்து வைத்துக்கொண்டதால் அங்கே கதவு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதை யாரிடம் சொல்ல முடியும்? ஒரு ஓட்டையைப் பற்றிப் பேசினால் எல்லா ஓட்டையையும் பற்றிப் பேச வேண்டிவரும்.

காலனி பார்த்ததோ வேறு. கதவு வந்தால் சுகிர்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்காருகிறாள், அவள் வெளியே வந்து சோம்பல் முறித்தால் கதவு போய்விடுகிறது. கறிவேப்பிலை கேட்டு வந்தவள் காலண்டரைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். மொளகாய் வற்றல் காயப்போட வந்தவள் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மூடத் தெரிஞ்சவளுக்குத் திறக்கத் தெரியாதாக்கும்?" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டது சுகிர்தா காதிலும் விழுந்தது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டாள், அப்படிக் குனிந்து வந்ததையே ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனி மாதத்தில் புதுமாதிரிக் கதவுகள் வரத் தொடங்கின. இவை பக்கத்து வீட்டுக்குத் திறக்கவில்லை, அவரவர் எப்போதோ விட்டுவிட்டு வந்த வீடுகளுக்குத் திறந்தன. அண்ணாச்சி வீட்டுக் கதவு அவர் தூத்துக்குடியில் விற்றுவிட்டு வந்த வீட்டுக்குத் திறந்தது, வாங்கியவர் அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருப்பதைப் பார்த்து அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இருபத்தாறாம் எண் மருமகளுக்கு அம்மா வீட்டு முற்றத்துக்கே கதவு திறந்தது. அவள் காலையில் இருமிவிட்டுப் போவாள், மத்தியானச் சமையலுக்குத் திரும்புவாள், முந்தானையில் முருங்கைக்காய் இருக்கும். இன்னும் இரண்டு மருமகள்களுக்கும் அப்படி வாய்த்தது, அவர்கள் முகத்தில் ஒரு களை வந்தது, மாமியார்கள் அந்தக் கதவுகளையே முறைத்துப் பார்த்தார்கள்.

சுகிர்தாவுக்கு இது எந்த வகை ஓட்டை என்று பார்த்தவுடன் புரிந்தது. ஓர் அறை காலியாகிவிட்டது என்று கர்னல் குறித்துக்கொள்கிறது, அதை அடுத்த ஆளுக்கும் கொடுத்துவிடுகிறது, ஆனால் பழைய ஆளிடம் இருந்த சாவியை வாங்கி அழிக்க மறந்துவிடுகிறது. பழைய சாவி என்றைக்காவது புதுப் பூட்டில் திரும்பிவிடும். அவள் தொழிலில் இதைவிடப் பழைய ஓட்டை இல்லை, இதைவிடப் பொல்லாததும் இல்லை.

அந்த வாரத்தில்தான் மாரித்தங்கம் அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பதினெட்டாம் எண், சுகிர்தா வீட்டோடு ஒட்டிய வீடு. மாரித்தங்கம் காலனிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள், நாலு வருஷத்துக்கு முன் ஒரு துணிப்பையோடு வந்தவள், புருஷன் இறந்துவிட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அவளும் மறுக்கவில்லை. சுகிர்தாவிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொல்லியிருந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், புருஷன் சண்முகையா தனியார் பஸ்ஸில் கண்டக்டர், ஒன்பது வருஷம் அடி, ஒருநாள் அவன் டியூட்டிக்குப் போன நேரத்தில் ஓடி வந்துவிட்டாள். தெரு பெயர் வரைக்கும் சொல்லியிருந்தாள், அவன் என்றாவது தேடிவந்து தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கே போய்ச் சொல்வது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே என்று.

இப்போது அவள் தையல் மெஷினுக்குப் பின்னால் தொங்கிய சேலையை விலக்கினாள். கதவு இருந்தது. ஒரு விரல் அளவு திறந்து காட்டினாள். பச்சை அடித்த அலமாரி, பிடி உடைந்த குக்கர், அழுக்குத் துணி.

"யக்கா, அந்த வீட்டு அட்ரஸ் இந்தக் காலனியில யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான், மாரி."

"அப்ப இது எப்படி இங்க வந்துச்சு?"

சுகிர்தாவுக்கு விடை நாக்கு நுனியில் நின்றது. அன்று காலையில்தான் குழுவின் கடிதம் வந்திருந்தது, அடைப்பு தயாராகும்வரை வாய் திறக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்தில். "எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதுன்னா இப்படித் தலையக் குனிய மாட்டிய. நான் ஒம்பது வருசம் ஒருத்தன் மூச்ச வச்சே பொய்யக் கண்டுபிடிச்சுப் பொழச்சவ."

"மாரி, கொஞ்ச நாளு என் வீட்டுல வந்து இரு. நான் சொல்லுதத கேளு."

"ஒங்க வீட்டுல மட்டும் கதவே வரலியே, அது ஏன்க்கா?"

சுகிர்தா எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து மாரித்தங்கம் அவளோடு பேசவில்லை. முற்றத்துக் கொடியில் துணி காயப்போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகிர்தாவுக்கு அது நெஞ்சை அறுத்தது, அதைவிட அந்தக் கதவு அறுத்தது. எந்த நேரமும் ஒரு காக்கிச் சட்டை அதன் வழியே வந்துவிடலாம் என்று அவள் சுவரில் காதை வைத்தபடியே வேலை பார்த்தாள். ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சாவியின் நகல் கர்னலில் ஓரிடத்தில் இல்லை, மூன்று இடத்தில் ஒளிந்திருந்தது, மூன்றையும் தேடிப் பிடித்து, அறை காலியாகும் அதே நொடியில் மூன்றும் சேர்ந்து அழியும்படி எழுதி முடித்தாள். குழு சரி பார்த்தது. வெளியிட வேண்டியதுதான். தலைப்பில் வழக்கம்போல 'சாவிப் பட்டியலில் சிறு ஒழுங்கு' என்று எழுதினாள். திருடன் அதிலும் மோப்பம் பிடித்துவிடுவானோ என்று அவளுக்கே உரிய சந்தேகம் வந்தது. அதனால் யாரும் சொல்லாமல் தானாகவே இன்னொரு வார்த்தை சேர்த்தாள்: 'அவசரமில்லை.'

மூன்று நாளில் கதவுகள் ஒவ்வொன்றாகப் போயின. அண்ணாச்சி நிம்மதியானார். மருமகள்கள் மூன்று பேரும் வெறும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அவர்களில் ஒருத்தியின் செருப்பு அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது, விதியை மீறி அங்கே போட்டுக்கொண்டு போனதற்கு மாமியாரிடம் திட்டும் வாங்கினாள். ஆனால் பதினெட்டாம் எண் வீட்டில், சேலைக்குப் பின்னால், கதவு அப்படியே இருந்தது. சேலை காற்றில் விலகும்போதெல்லாம் சுகிர்தா ஜன்னல் வழியே அதை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு நாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள், பிறகு அந்த வீட்டு டிவி பெட்டியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். காலனியில் மற்றவர்கள் எல்லாரும் ஒரு கேபிள்காரரிடம் இருந்தார்கள், மாரித்தங்கம் மட்டும் இன்னொருவரிடம், அவர் கொடுத்த பெட்டி வேறு கம்பெனியுடையது.

போனில் ஒரு பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், நாங்க எல்லாத்தையும் தலைப்புப் பார்த்துப் பிரிச்சு வச்சிடுவோம். இது தீபாவளி கழிச்சு வர்ற லிஸ்ட்ல இருக்கு."

"தீபாவளியா! இது உடனே போகணும்."

"நீங்களே அவசரமில்லைன்னு எழுதியிருக்கீங்களே, மேடம்."

"அது பொய்."

"அப்ப அதை நீங்க எழுத்துல தரணும். பொதுவுல. இல்லாட்டி எங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டார்."

பொதுவில் எழுதினால் உலகத்திலுள்ள எல்லாத் திருடனும் வாசிப்பான், இன்னும் அடைப்புப் போய்ச் சேராத எத்தனையோ பெட்டிகள் அவர்கள் கையில் அகப்படும். எழுதாவிட்டால் தீபாவளிவரை அந்தக் கதவு நிற்கும். சுகிர்தா எழுந்து தண்ணீர் குடித்தாள், கேஸை மூடியிருக்கிறதா என்று பார்த்தாள், வந்து உட்கார்ந்து எழுதினாள். இது ஒழுங்கு இல்லை, இது ஓட்டை, காலி செய்த அறைக்குள் பழைய ஆள் நுழையலாம், எப்படி நுழையலாம் என்பது இன்னின்னபடி, அவசரமில்லை என்று எழுதியது என் தவறு, தயவுசெய்து இன்றே அடையுங்கள். கீழே தன் பெயரைப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் குழுவிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது, அவளை நீக்கிவிட்டதாக. பதினெட்டு வருஷத்துக்கு இரண்டு வரி. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் தன் மேல்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு அந்தப் பெட்டிகளுக்கு அடைப்பு போய்விட்டதாகக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. சுகிர்தா அப்படியே எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். இனி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். வாசல் சும்மா சாத்தியிருந்தது. சேலை விலகிக் கிடந்தது, கதவு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், விட்டது பாதியில் நின்றது.

சுவரை ஒட்டி மாரித்தங்கத்தின் செருப்பு கிடந்தது.

பக்கத்தில் ஒரு கட்டைப்பை. அதற்குள் ஒரு பழைய ஆல்பம், கறுத்துப்போன வெள்ளிக் கொலுசு, பித்தளைச் செம்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட். தையல் மெஷின் மேல் ஒரு தாளில் பென்சிலால் எழுதியிருந்தது: 'முதல் டிரிப் 6.10. இரண்டாவது 9.45. மூன்றாவது முடிய 2.40.' சண்முகையாவின் டியூட்டி நேரம். சுகிர்தாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அவன் வருவான் வருவான் என்று அவள் சுவரில் காது வைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம், மாரித்தங்கம் அந்தப் பக்கம் போய்த் தன் பொருளை ஒவ்வொன்றாக எடுத்து வந்திருக்கிறாள். அடுக்களைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆம்பிளைக்கு அங்கே ஒரு கதவு இருப்பது தெரியப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே யார் வருவார்கள் என்று மட்டுமே பதினெட்டு வருஷம் யோசித்த சுகிர்தாவுக்கு, வெளியே யார் போவார்கள் என்று யோசிக்கத் தோன்றவே இல்லை. போனைப் போட்டாள், அது அந்த அறையிலேயே மெஷின் மேல் அடித்தது.

அவள் சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள். "மாரி! ஏட்டி மாரி!" சத்தம் கேட்டு முதலில் இருபத்தாறாம் எண் மருமகள் வந்தாள், அப்புறம் நாலு பெண்கள், அப்புறம் சாப்பாட்டுக் கையோடு அண்ணாச்சி. காரில் போனால் மூன்று மணி நேரம். போலீஸுக்குச் சொன்னால் எந்த ஊர் போலீஸ், என்ன என்று சொல்வது? சுகிர்தா ஓடிப் போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள், டிவி பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி மடியில் வைத்து ஒயரைச் சொருகினாள்.

"ஏம்மா, என்ன செய்யுதிய?" என்றார் அண்ணாச்சி.

"திறக்கப் போறேன், அண்ணாச்சி."

அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சுகிர்தா யாரையும் பார்க்கவில்லை. அடைப்பைக் கழற்றிவிட்டு, பழைய ஓட்டைக் கர்னலையே அந்தப் பெட்டிக்குள் திரும்ப ஏற்றினாள். யார் சாவி எந்த இடத்தில் ஒளியும் என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சுவரில் முதலில் ஒரு கோடு விழுந்தது, அப்புறம் நிலை, அப்புறம் பலகை. கதவு உள்பக்கமாகத் திறக்க, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றிருந்த மாரித்தங்கம் மல்லாக்க இந்தப் பக்கம் விழுந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு மஞ்சள் பைலை மார்போடு அணைத்திருந்தாள்.

அவள் காலுக்கு நேரே அந்த வீட்டு அடுக்களைக் கதவு உதை வாங்கிக் குலுங்கிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் தெறித்தது. காக்கிச் சட்டையும் தோளில் பையுமாகச் சண்முகையா நின்றான். தன் வீட்டு அடுக்களைச் சுவருக்குள் ஏழெட்டுப் பேர் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தான். "எங்கடி போற, களவாணி முண்ட!" என்று பாய்ந்தான். அண்ணாச்சி கதவை அறைந்து சாத்தினார்.

"எவ்வளவு நேரம்மா?" என்று கத்தினார்.

"நாலு நிமிசம்! அடைப்பு ஏறணும்!"

நாலு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்று அந்தக் காலனிக்குத் தெரிந்தது. பீரோவைத் தள்ளிக் கதவில் சாத்தினார்கள், பீரோவில் அண்ணாச்சி தோளைக் கொடுத்தார், அண்ணாச்சியில் மூன்று பெண்கள் சாய்ந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த அடியில் பீரோவின் கண்ணாடி உடைந்து மருமகளின் கையைக் கிழித்தது, அவள் கையை எடுக்கவில்லை. சுகிர்தா திரையைப் பார்த்தபடி சதவிகிதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்பது, எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று. ஓங்கி ஒரு அடி விழத் தொடங்கிய சத்தம் பாதியில் நின்றது, பீரோவுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

மாரித்தங்கம் தரையில் உட்கார்ந்து பைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். கல்யாணப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ரேஷன் கார்டு. "வழியில பஸ் பழுதாயிட்டு போலுக்கு, வந்துட்டான்" என்றாள் யாரிடமும் இல்லாமல். "இது இல்லாம கேஸ் போட முடியாதுன்னு வக்கீல் சொன்னாரு." பிறகு நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தாள். நன்றியா பயமா என்று சொல்ல முடியாத பார்வை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டினார்கள். அண்ணாச்சி தோளில் பற்றுப் போட்டிருந்தார். "ஏம்மா சுகிர்தா, கோவப்படக் கூடாது. கதவையெல்லாம் திறந்தது நீங்கதானா?"

"ஒண்ணத்தான் அண்ணாச்சி நான் திறந்தேன். மத்ததெல்லாம் தானா வந்தது, நான் மூடத்தான் செஞ்சேன்" என்று அவள் தொடங்கினாள். கர்னல் என்றாள், ஓட்டை என்றாள், குழுவின் வழக்கத்தையும் தன் தவறையும் சொன்னாள். பதினெட்டு வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னாள், ஆனால் 'ஒண்ணத்தான்' என்ற வார்த்தையிலேயே எல்லார் முகமும் விடிந்துவிட்டது, அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் 'கதவுகளைத் திறந்தவர் பதினேழாம் எண் வீட்டார் என ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். யாரும் அவளை ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே இருபத்தாறாம் எண் மருமகள் கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றாள். "யக்கா, அத்தை வெளிய போயிருக்காவ. அம்மா வீட்டுக்கு ஒரு அரமணி நேரம் மட்டும்..." சுகிர்தா முடியாது என்றாள். "அவளுக்கு மட்டும் திறந்தியளே" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள், அதுவும் காலனி முழுக்கப் பரவியது. அண்ணாச்சி கூடத் தூத்துக்குடி வீட்டை ஒருதரம் பார்க்க முடியுமா என்று ஜாடையாகக் கேட்டார்.

மாரித்தங்கம் அந்த வாரக் கடைசியில் வந்தாள். உதட்டில் தையல் காய்ந்திருந்தது. சுகிர்தா காபி போட்டுக் கொடுத்தாள், மாரித்தங்கம் அதைக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது. ஒங்களால எந்த வீட்டுக் கதவையும் திறக்க முடியுமா?"

"ஓட்டை இருந்தா முடியும்."

"ஓட்டை இல்லாம இருக்குமா?"

சுகிர்தா யோசித்தாள். இந்த ஒருத்தியிடமாவது இனிமேல் பொய் கூடாது. "இருக்காது, மாரி. ஒண்ண அடைச்சா இன்னொண்ணு வரும்."

"அப்ப ஒங்களாலயும் முடியும். ஒங்களப் போல இன்னொருத்தராலயும் முடியும். அவன் ஒருநாள் ஒங்கள வந்து பிடிச்சு, கழுத்துல கத்திய வச்சுக் கேட்டா?"

"அட்ரஸ் தெரிஞ்சாத்தான்..." என்று சொல்லிவிட்டு சுகிர்தா நிறுத்திக்கொண்டாள். போகிற இடத்து அட்ரஸ் யாருக்கும், தனக்கும்கூடத் தெரியக்கூடாது என்பதை அவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள். மாரித்தங்கம் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளில் மாரித்தங்கம் தைக்க வாங்கிய துணியையெல்லாம் தைத்துக் கொடுத்து முடித்தாள். பெட்டியைக் கேபிள்காரரிடம் திருப்பிக் கொடுத்துக் கணக்கை எடுத்துவிடச் சொல்லி, எடுத்துவிட்டார்களா என்று நின்று பார்த்தாள். போன் சிம்மை உடைத்தாள். வக்கீலிடம் முகவரி கொடுக்கவில்லை, கோர்ட் தேதியைத் தானே வந்து கேட்டுக்கொள்வதாகச் சொன்னாள். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டையும் மாற்றச் சொன்னாள். இதெல்லாம் காலனிக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. சுகிர்தா மட்டும் ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்து, மனதுக்குள் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ வந்து நின்றதும் மாரித்தங்கம் சுகிர்தா வீட்டு வாசலுக்கு வந்தாள். எங்கே போகிறாய் என்ற கேள்வி சுகிர்தாவின் தொண்டைவரை வந்தது. கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவாள், அந்த முகத்தில் அவ்வளவு அன்பு இருந்தது. சுகிர்தா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தாள்.

யாரும் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள், செத்த வீட்டில் தவிர வேறு எங்கும் மாற்றிச் சொல்லமாட்டார்கள், மாரித்தங்கமும் நாலு வருஷமாகக் கடைக்குக் கிளம்பினால் கூட இந்த வாசலில் நின்று அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். இன்று அவள் சுகிர்தாவின் இரண்டு கையையும் பிடித்து, ஒரு தடவை அழுத்தி, "போறேன்க்கா" என்றாள்.

ஆட்டோ வளைவில் திரும்பியது. சாவியின் கடைசி நகல் தன்னிடம்தான் இருந்தது, அதையும் அவள் அழித்துவிட்டுப் போய்விட்டாள் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. "சரியாத்தான் செஞ்சிருக்கா" என்று வாய்விட்டுச் சொன்னாள், சொல்லிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.